துட்டன்காமுனின் இரும்புக் குத்துவாள்: துடைக்காமல் விட்ட கறுப்புப் புள்ளிகள்

பழைய குத்துவாள் ஒன்றைக் கையில் எடுப்பவர் முதலில் பார்ப்பது கைப்பிடியைத்தான். தங்கமா, தந்தமா, கல் பதித்திருக்கிறதா, உறையில் என்ன வேலைப்பாடு? அலகு அப்புறம்தான். அதில் கறை தெரிந்தால், தேய்த்து எடுத்துவிடலாம் என்றுதான் உடனே தோன்றும். ஏலப் பட்டியல்களின் படங்களைப் புரட்டினாலே இது தெரியும். முந்நூறு, நானூறு வருடப் பழைய அலகுகள் நேற்று பட்டறையிலிருந்து வந்தவை போல மின்னும். விலைக்கு அது உதவலாம். பொருளுக்கு அது பெரிய இழப்பு என்பது என் உறுதியான கருத்து. அதற்கு என்னிடம் இருக்கும் மிக வலுவான சாட்சி, எகிப்து மன்னர் துட்டன்காமுனின் உடலோடு கிடைத்த இரும்புக் குத்துவாள். அதன் அலகைப் பற்றி இன்று நமக்குத் தெரிந்த பெரும்பாலான விஷயங்கள், யாரும் துடைக்காமல் விட்ட மேற்பரப்பிலிருந்து வந்தவை.

பொருளும் அது கிடைத்த இடமும்

மன்னர்களின் பள்ளத்தாக்கில் துட்டன்காமுனின் கல்லறையை ஹோவர்ட் கார்ட்டர் 1922 நவம்பரில் கண்டுபிடித்தார். உடலைச் சுற்றியிருந்த துணிச்சுற்றுகளைப் பிரித்துப் பார்த்தது 1925 நவம்பரில். அந்தச் சுற்றுகளுக்குள் இரண்டு குத்துவாள்கள் இருந்தன. ஒன்று வயிற்றுப் பக்கம், முழுக்கத் தங்க அலகு. இன்னொன்று வலது தொடையை ஒட்டி, இரும்பு அலகு. இந்த ஆய்வு இரண்டாவதைப் பற்றியது.

நீளம் 34.2 செ.மீ. கைப்பிடி தங்கம், அதன்மேல் பொடிப்பொடியான தங்க மணிகளை ஒட்டி அலங்கரித்திருக்கிறார்கள். நுனியில் ஸ்படிகக் குமிழ். உறையும் தங்கம்தான். அதன் ஒரு பக்கம் அல்லிப்பூ வேலைப்பாடு, மறுபக்கம் இறகு வரிசை, முனையில் குள்ளநரித் தலை. எல்லாம் அரச தரத்து வேலை. ஆனால் வல்லுநர்களை அசர வைத்தது அலகுதான். சுமார் 3,300 ஆண்டுகள் கழித்தும் அது பெரிதாகத் துருப்பிடிக்கவில்லை. அங்கங்கே சில துருப்புள்ளிகள், சில கறுப்புத் திட்டுகள், அவ்வளவுதான்.

இந்தப் பொருளுக்கு இன்னொரு பெரிய நல்வாய்ப்பும் உண்டு. அது எந்த உடலோடு, எந்த அடுக்கில், எந்தப் பக்கம் கிடந்தது என்று எடுத்தபோதே எழுதி வைத்துவிட்டார்கள். உலகச் சந்தையில் கைமாறும் குத்துவாள்களில் பெரும்பாலானவற்றுக்கு இப்படி ஒரு வரி கூடக் கிடையாது.

அந்தக் காலத்தில் இரும்பு ஏன் விந்தை

துட்டன்காமுன் இறந்தது கி.மு. 1323 வாக்கில். அது வெண்கலக் காலம். தாதுவிலிருந்து இரும்பை உருக்கி எடுக்கும் தொழில் எகிப்தில் பரவலானது அதற்குப் பல நூற்றாண்டுகள் கழித்துத்தான். அதனால் அந்த நாளில் இரும்பு, தங்கத்தைவிட அரிதான பொருள். கல்லறையில் இருந்த ஆயிரக்கணக்கான பொருள்களில் இரும்பால் ஆனவை மிகக் கொஞ்சம். குத்துவாள், சிறு உளி வடிவில் 16 குட்டி அலகுகள், ஒரு குட்டித் தலையணைத் தாங்கி, ஒரு கைவளையில் பதித்த கண் வடிவத் தாயத்து.

இந்த வரிசையைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் கேள்வி கூர்மையாகிறது. உளிகள் மெல்லியவை, எளிய வேலை. குத்துவாளின் அலகோ ஒரே சீராக, இரண்டு பக்கமும் சமமாக, தேர்ந்த கை செய்தது. இரும்போடு பழக்கமே இல்லாத ஊரில் இப்படி ஒரு அலகு எப்படி வந்தது? இரும்பு எங்கிருந்து? அடித்த கை யாருடையது?

முதல் கேள்விக்கு இரண்டு விடைகள் சாத்தியம். வடக்கே அனடோலியா (இன்றைய துருக்கி) பக்கம் தாதுவை உருக்கி எடுத்த இரும்பாக இருக்கலாம். அல்லது வானிலிருந்து விழுந்த இரும்பு விண்கல்லாக இருக்கலாம். இரண்டையும் பிரித்துக் காட்டுவது நிக்கல். இரும்பு விண்கற்களில் நிக்கல் சுமார் 5 முதல் 35 சதவீதம் வரை இருக்கும். தாதுவிலிருந்து எடுத்த பழங்கால இரும்பில் அது பொதுவாக 4 சதவீதத்தைத் தாண்டாது.

1994இல் எடுத்த ஓர் அளவீடு 2.8 சதவீதம் நிக்கல் என்று சொன்னது. அதை வைத்துப் பார்த்தால் விண்கல் வாதம் தளர்ந்துபோகிறது. வழக்கு அப்படியே இழுபறியில் நின்றது. ஓரத்தில் ஒரு சுரண்டல் மாதிரி எடுத்தால் ஒரே நாளில் முடிவு தெரிந்திருக்கும். எடுக்கவில்லை. அந்தப் பொறுமை எவ்வளவு நல்லது என்பது பின்னால் தெரிந்தது.

2016: கையடக்கக் கருவி சொன்னது

மிலான் பல்தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் டேனியேலா கொமெல்லி தலைமையில் இத்தாலிய, எகிப்திய ஆய்வாளர்கள் செய்த ஆய்வு 2016இல் வெளிவந்தது. அவர்கள் பயன்படுத்தியது எக்ஸ்-கதிர் ஒளிர்வுக் கருவி. அலகின் மேல் எக்ஸ்-கதிரைப் பாய்ச்சினால், அதிலுள்ள ஒவ்வொரு தனிமமும் தனக்கே உரிய ஆற்றலில் கதிரைத் திருப்பி அனுப்பும். அதை அளந்தால் எது எவ்வளவு என்று தெரியும். பொருளில் கீறல் கூட விழாது.

இந்த முறையில் ஒரு சிக்கல் உண்டு. கருவி பார்ப்பது மேற்பரப்பின் மிக மெல்லிய அடுக்கை மட்டும். அங்கே அழுக்கோ துருவோ இருந்தால் எண் மாறும். அதனால் முன்பே கலவை நன்றாகத் தெரிந்த 11 விண்கல் துண்டுகளை அதே கருவியில் அளந்து, அவற்றை அளவுகோலாக வைத்துக்கொண்டார்கள். இந்த ஒரு வேலைதான் 2016 முடிவை நம்பத்தக்கதாக ஆக்குகிறது. கிடைத்த எண்கள்: நிக்கல் 10.8 சதவீதம், கோபால்ட் 0.58 சதவீதம். நிக்கல் மட்டும் என்றால் யாராவது வாதாடலாம். கோபால்ட்டும் விண்கற்களில் இருக்கும் அதே விகிதத்தில் வந்து நின்றதால், பூமியின் தாது என்ற வாதம் எடுபடவில்லை.

அப்புறம் செங்கடலை மையமாக வைத்து 2,000 கி.மீ. ஆரத்துக்குள் கிடைத்திருக்கும் 20 இரும்பு விண்கற்களோடு ஒப்பிட்டார்கள். அலெக்சாண்ட்ரியாவுக்கு மேற்கே மெர்சா மத்ரூ பகுதியில் 2000ஆம் ஆண்டு கிடைத்த கார்கா என்ற கல் மட்டும் ஒத்துப்போகக்கூடியதாக இருந்தது. செய்திகளில் இதைப் படித்த பலர் குத்துவாள் அந்தக் கல்லிலிருந்தே செய்யப்பட்டது என்று முடிவு கட்டிவிட்டார்கள். ஆய்வு அப்படிச் சொல்லவில்லை. இரண்டு எண்கள் நெருங்கி வருவது ஒரே கல் என்பதற்குச் சான்று ஆகாது. ஒத்த கலவையுள்ள விண்கற்கள் உலகில் நிறைய உண்டு.

கறுப்புப் புள்ளிகள்

ஜப்பானின் சிபா தொழில்நுட்பக் கழகத்தின் தகாஃபூமி மாட்சுயி குழு 2020 பிப்ரவரியில் கெய்ரோ அருங்காட்சியகத்தில் அளவெடுத்தது. முடிவு 2022இல் வெளியானது. இந்த வழக்கில் எனக்கு மிகப் பிடித்த பகுதி இதுதான். முந்தைய குழு ஓரிரு இடங்களில் அளந்தது. இவர்கள் அலகின் பரப்பு முழுவதையும் புள்ளிபுள்ளியாக வருடி, எந்தத் தனிமம் எங்கே கூடுதல், எங்கே குறைவு என்று படமாகவே வரைந்தார்கள்.

நிக்கல் படத்தில் பட்டைகள் தெரிந்தன. சுமார் 1 மி.மீ. அகலத்தில், ஒரு ஒழுங்கான கோணத்தில் ஒன்றையொன்று வெட்டும் பட்டைகள். இரும்பு விண்கல்லை அறுத்து அமிலத்தில் கழுவினால் தெரியும் அதே கோலம். 1808இல் வியன்னாவில் இதைக் கவனித்த விட்மான்ஸ்டாட்டனின் பெயராலேயே இது வழங்குகிறது. நிக்கல் குறைந்த இரும்பும் நிக்கல் மிகுந்த இரும்பும் திண்மத்துக்குள்ளேயே தனித்தனிப் பட்டைகளாகப் பிரிந்து வளர்ந்தால்தான் இந்தக் கோலம் வரும். அதற்கு ஒரு சிறுகோளின் வயிற்றுக்குள் இலட்சக்கணக்கான ஆண்டுகள் மெல்ல மெல்லக் குளிர வேண்டும். எந்தப் பட்டறையும் அந்த அளவு கோலத்தைச் செய்ய முடியாது.

சராசரி நிக்கல் 11.8 சதவீதம் என்று வந்தது. அதோடு அந்தக் கறுப்புத் திட்டுகளில் கந்தகம் கூடுதலாக இருந்தது. விண்கற்களுக்குள் இரும்பும் கந்தகமும் சேர்ந்த இரும்பு சல்ஃபைடு சிறு முடிச்சுகளாக இருக்கும், ட்ராய்லைட் என்பார்கள். அலகில் பார்வைக்குக் கறை போலத் தெரிந்தவை அந்த முடிச்சுகளின் எச்சங்களாக இருக்க வேண்டும் என்பது குழுவின் முடிவு.

ஒரு ஏல நிறுவனத்தின் பணியாளரோ, ஆர்வமிகுந்த சேகரிப்பாளரோ இந்த அலகை நல்லபடியாகத் தேய்த்துச் சுத்தம் செய்திருந்தால் முதலில் போயிருக்கக்கூடியவை இந்தப் புள்ளிகள்தான். புள்ளிகள் போயிருந்தால் அடுத்த முடிவும் கிடைத்திருக்காது. அந்த முடிவு வெப்பத்தைப் பற்றியது.

கொல்லர் எவ்வளவு சூடு ஏற்றினார்?

பட்டைக் கோலம் சூட்டைத் தாங்காது. 950 டிகிரி செல்சியஸைத் தாண்டிச் சூடேற்றினால் இரண்டு வகை இரும்பும் ஒன்றில் ஒன்று கரைந்து கோலம் மறைந்துபோகும். ட்ராய்லைட் முடிச்சுகளும் அப்படியே. இரும்போடு சேர்ந்து 988 டிகிரியில் உருகத் தொடங்கும். கோலமும் இருக்கிறது, முடிச்சுகளின் தடமும் இருக்கிறது. ஆகவே இந்த அலகை அடித்தவர் 950 டிகிரிக்குக் கீழேயே வேலையை முடித்திருக்கிறார்.

சல்ஃபைடு உள்ள இரும்பை நன்றாகச் சிவக்கக் காய்ச்சி அடித்தால், உள்ளே உருகிய முடிச்சுகள் வழியாக அது பிளந்து நொறுங்கும். அதற்காக ஆறவிட்டு அடித்தால் வெடிக்கும். நடுவே ஒரு குறுகிய வெப்ப இடைவெளி; அதில் நின்று, திரும்பத் திரும்ப லேசாகக் காய்ச்சி, பொறுமையாகத் தட்டியிருக்க வேண்டும். வெப்பமானி கிடையாது, உலோகத்தின் நிறத்தைப் பார்த்துத்தான் கணிக்க வேண்டும். கோலம் அதிகம் குலையாமல் இருப்பதைப் பார்த்தால், முதலிலேயே தட்டையான ஒரு துண்டைத் தேர்ந்தெடுத்து, குறைவாக அடித்து, மிச்சத்தைத் தேய்த்தே வடிவுக்குக் கொண்டுவந்திருப்பார் என்று எனக்குத் தோன்றுகிறது. அந்தக் கொல்லரின் பெயர் யாருக்கும் தெரியாது. அவர் கை எவ்வளவு தேர்ந்தது என்பது மட்டும் ஒரு நிக்கல் படத்தில் பதிந்திருக்கிறது.

இதே சிக்கலைச் சந்தித்து, அதை எழுத்திலும் விட்டுச்சென்ற இன்னொரு அரண்மனை உண்டு. 1621 ஏப்ரலில் ஜலந்தர் பகுதிக் கிராமம் ஒன்றில் பேரோசையோடு ஒளி ஒன்று வானிலிருந்து விழுந்தது. அந்த இடத்தைத் தோண்டி எடுத்த இரும்பை முகலாயப் பேரரசர் ஜஹாங்கீரிடம் அனுப்பினார்கள். எடை 160 தோலா, ஏறத்தாழ இரண்டு கிலோ. உஸ்தாத் தாவூத் என்ற கொல்லரிடம் வாள், குத்துவாள், கத்தி செய்யச் சொன்னார் ஜஹாங்கீர். சம்மட்டிக்கு அது நிற்கவில்லை, துண்டு துண்டாக நொறுங்கியது என்று ஜஹாங்கீரின் நினைவுக் குறிப்பே சொல்கிறது. பிறகு வான இரும்பு மூன்று பங்கு, சாதாரண இரும்பு ஒரு பங்கு என்று கலந்து, இரண்டு வாள், ஒரு குத்துவாள், ஒரு கத்தி செய்தார் தாவூத். அந்தக் கத்தி இன்று வாஷிங்டனில் ஃப்ரீர் கலைக்கூடத்தில் இருக்கிறது. அதன் மேல் தங்கத்தில் பாரசீக எழுத்துகள்.

நொறுங்கியதற்குச் சல்ஃபைடுதான் காரணமாக இருந்திருக்கும் என்பது என் ஊகம். இரண்டு பொருள்களையும் சேர்த்துப் பார்க்கும்போது ஒன்று தெளிவாகிறது. ஜஹாங்கீரின் கத்திக்குத் தேதி, ஊர், எடை, கொல்லர் பெயர் எல்லாம் எழுத்தில் உண்டு. ஆனால் வேறு இரும்போடு கலந்து காய்ச்சி அடித்ததில் பட்டைக் கோலம் பிழைத்திருக்க வழியில்லை. துட்டன்காமுனின் அலகு எப்படிச் செய்யப்பட்டது என்பதற்கு ஒரு வரி எழுத்தும் இல்லை. உலோகம் முழுச் சாட்சியத்தையும் வைத்திருக்கிறது. எழுத்து ஆதாரம் இல்லாத பொருளில் மேற்பரப்புதான் ஆவணம்.

கைப்பிடியும் மித்தானிக் கடிதமும்

2022 ஆய்வின் கடைசிப் பகுதி கைப்பிடியைப் பற்றியது. இங்கேதான் நான் கொஞ்சம் தயங்குகிறேன்.

தங்கக் கைப்பிடியில் சில சதவீதம் கால்சியம் தெரிந்தது, கந்தகம் தெரியவில்லை. எகிப்தியர் பொதுவாகப் பயன்படுத்திய ஜிப்சம் சாந்து கால்சியம் சல்ஃபேட். அதுவாக இருந்தால் கந்தகம் தெரிந்திருக்க வேண்டும். ஆகவே அலங்காரத்தை ஒட்டியது சுட்ட சுண்ணாம்புச் சாந்து என்று குழு கருதுகிறது. எகிப்தில் சுண்ணாம்புச் சாந்து புழக்கத்துக்கு வந்தது கி.மு. 305க்குப் பிந்தைய டாலமி காலத்தில் என்பதால், கைப்பிடி வெளிநாட்டு வேலை என்கிறார்கள். கூடவே ஒரு கடிதம். எகிப்தின் அமர்னாவில் கிடைத்த களிமண் கடிதங்களில் ஒன்றில், இன்றைய வட சிரியா பகுதியில் இருந்த மித்தானி நாட்டின் அரசர் துஷ்ரத்தா, துட்டன்காமுனின் தாத்தாவாகக் கருதப்படும் மூன்றாம் அமென்ஹோதெப்புக்கு அனுப்பிய மணச் சீர்வரிசைப் பட்டியல் இருக்கிறது. இரும்பு அலகும் தங்க வேலைப்பாடும் கொண்ட குத்துவாள் அதில் வருகிறது.

கதை அழகாகப் பொருந்துகிறது. அதனாலேயே நிதானமாகப் பார்க்க வேண்டும். எக்ஸ்-கதிர் ஒளிர்வுக் கருவிக்குக் கார்பனும் ஆக்சிஜனும் தெரியாது. கால்சியம் என்று மட்டும் சொல்லும். அது சுட்ட சுண்ணாம்பா, சுடாத சுண்ணாம்புக்கல் பொடியா என்று சொல்லாது. சுண்ணாம்புக்கல் பொடியைப் பசையோடு குழைத்துப் பூசுவது எகிப்தியருக்கு நன்றாகத் தெரிந்த வேலை. கல்லறையே சுண்ணாம்புப் பாறையில் குடைந்தது. கடிதத்தில் சொல்லப்படும் குத்துவாள்களில் ஒன்றின் கைப்பிடி கருங்காலி, மேலே தங்கம் போர்த்தி, கன்று உருவங்கள் கொண்டது. நம் குத்துவாளில் கன்றுகள் இல்லை. உறையின் நரித்தலையோ எகிப்தின் சொந்தச் சின்னம்.

கைப்பிடியின் ஊர் அலகின் ஊராகத்தான் இருக்க வேண்டும் என்பதும் இல்லை. இதற்கு நமக்கு அருகிலேயே சான்று உண்டு. தஞ்சை அரண்மனை ஆயுதச்சாலையிலிருந்து வந்த கட்டாரிகள் சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. தஞ்சைக் கட்டாரிகள் பலவற்றில் பிடி தென்னிந்திய வேலை, அலகு ஐரோப்பிய வாளிலிருந்து எடுத்துப் பொருத்தியது. அப்படிப்பட்ட ஒன்றில் பிடியை மட்டும் ஆராய்ந்துவிட்டு அலகையும் தஞ்சை என்றால் தவறாகிவிடும். துட்டன்காமுனின் குத்துவாளிலும் அலகு, பிடி, குமிழ், உறை நான்கையும் தனித்தனி வரலாறு உள்ளவையாக வைத்துத்தான் பேச வேண்டும். அலகு வெளியிலிருந்து வந்த பரிசு என்பது நடந்திருக்கக்கூடியது. அதைச் சுண்ணாம்பு நிரூபித்துவிட்டது என்று நான் சொல்லமாட்டேன்.

இன்னொரு எச்சரிக்கையும் அதே கல்லறையிலிருந்து வருகிறது. 2014இல் துட்டன்காமுனின் தங்க முகமூடியின் தாடி கழன்று, அதை அவசரமாக எப்பாக்சி பசையால் ஒட்டினார்கள். 2015இல் வல்லுநர்கள் அதைப் பொறுமையாகப் பிரித்துச் சீர்செய்ய வேண்டியிருந்தது. பழைய பொருளில் பசை என்று எது தெரிந்தாலும் அது எந்தக் காலத்தில் வந்தது என்ற கேள்வியை முதலில் கேட்டாக வேண்டும்.

வாங்குபவருக்கும் வைத்திருப்பவருக்கும்

இந்த வழக்குக்குப் பிறகு விண்கல் குத்துவாள் என்ற பெயரில் பல பொருள்கள் விற்பனைக்கு வருகின்றன. நிக்கல் இருக்கிறது என்ற ஒரு சான்றிதழை மட்டும் நம்பக் கூடாது. இன்றைய கொல்லர்கள் நிக்கல் எஃகையும் சாதாரண எஃகையும் அடுக்கி அடித்து, அமிலத்தில் கழுவி அழகான கோலம் எடுக்கிறார்கள். அது நேர்மையான கலை, அந்தப் பெயரில் விற்றால். அதன் கோலம் அலையலையாக, அடித்த திசையில் ஓடும். விண்கல்லின் பட்டைகள் நேராக, திட்டமான கோணங்களில் வெட்டும். கோபால்ட் அளவையும் கேட்க வேண்டும். அலகு முழுவதும் விண்கல் என்கிறார்களா, பிடியில் ஒரு சீவல் பதித்திருக்கிறார்களா என்பதையும் எழுத்தில் வாங்க வேண்டும். நமீபியாவின் கிபியோன் விண்கல் சீவல்கள் அலங்காரப் பிடிகளில் அதிகம் வருகின்றன. அந்த நாடு அவற்றின் ஏற்றுமதியைத் தடுத்திருக்கிறது. அதனால் எப்போது வெளியே வந்த துண்டு என்பதும் முக்கியம்.

வைத்திருப்பவருக்கு: அலகைத் தொடும்போது கையுறை. வியர்வையின் உப்பு இரும்புக்குப் பகை. ஈரப்பதம் குறைந்த இடம் வேண்டும். தோல் உறைக்குள் செருகி வைக்கக் கூடாது. தோலில் இருக்கும் அமிலமும் ஈரமும் அலகை அரிக்கும். ஆனால் உறையைப் பிரித்துத் தனியே விற்றுவிடவும் கூடாது, பக்கத்திலேயே வைக்கலாம். படர்ந்துகொண்டே போகும் செந்துருவை நிறுத்தியாக வேண்டும், அதற்குப் பாதுகாப்பு வல்லுநர் வேண்டும். அசையாமல் இருக்கும் கரும்படலத்தையும் புள்ளிகளையும் விட்டுவிடலாம். உலோகப் பாலிஷும் உப்புத்தாளும் பக்கத்திலேயே வரக் கூடாது. தேய்ப்பதற்கு முன்னால் படம் எடுத்துக்கொண்டால் போதும் என்று சிலர் சொல்வார்கள். கந்தகம் படத்தில் பதியாது.

மிஞ்சி நிற்கும் சோதனை

கைப்பிடியின் சுண்ணாம்புக் கேள்வியை முடித்து வைக்க வழி இருக்கிறது. ஒரு துணுக்கு எடுத்து நுண்ணோக்கியில் பார்த்தால் சுட்ட சுண்ணாம்பா, பாறைப் பொடியா என்று பிரித்துச் சொல்லலாம். சுட்ட சுண்ணாம்பாக இருந்தால், அது இறுகும்போது காற்றிலிருந்து இழுத்துக்கொண்ட கார்பனை வைத்துக் காலத்தையும் கணிக்க முடியும். ஆனால் அதற்குத் தங்க மணிகளுக்குள்ளிருந்து ஏதோ ஒன்றைப் பெயர்த்தாக வேண்டும்.

எடுக்கக் கூடாது என்பதே என் கருத்து. 1994இல் குழப்பமாக இருந்த நிக்கல் கணக்கு 2016இல் தெளிந்தது; 2020இல் பட்டைகளே படமாக வந்தன. இரண்டு முறையும் அலகில் ஒரு கீறலும் விழவில்லை. சேர்மத்தையும் படிக அமைப்பையும் தொடாமலே படிக்கும் கையடக்கக் கருவிகள் அருங்காட்சியகங்களுக்கு ஏற்கெனவே வந்துவிட்டன. கைப்பிடியில் அடுத்து முயல வேண்டியது அவற்றைத்தான்.